படகு ட்ரெய்லருக்கு எந்த பிரேக்? சும்மா நிற்கும் மாதங்களை வைத்துக் கணக்குப் போடுங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி: 22 அடி பாய்மரப் படகு, மேலே தூக்கிக்கொள்ளும் கீல் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு), ஒற்றை ஆக்ஸில் ட்ரெய்லர். ட்ரெய்லரில் பிரேக்கே கிடையாது. இதுவரை பக்கத்து ஏரியோடு சரி. இனிமேல் கடலுக்கும் கொண்டுபோக வேண்டும், வழியில் நீளமான மலை இறக்கம் ஒன்று உண்டு. எலெக்ட்ரிக் பிரேக்கா, ஹைட்ராலிக்கா? டிரம்மா, டிஸ்க்கா? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், மெக்கானிக் வேறொன்று சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படகுக்கு ஹைட்ராலிக் சர்ஜ் கப்ளர் (ட்ரெய்லர் முன்னே தள்ளும் விசையாலேயே பிரேக் ஆயிலை அழுத்தும் இணைப்பு), இரண்டு சக்கரத்திலும் டிஸ்க், ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக்கை விடுவிக்க, மின்சாரத்தில் இயங்கும் ஒரு சோலினாய்டு வால்வு. அவசரமாக இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் உங்கள் படகு 150 கிலோவாக இருந்தால் இந்தப் பதில் தப்பு. மலைப்பகுதியிலேயே இருந்துகொண்டு நன்னீர் ஏரியில் மட்டும் ஓட்டுகிறவருக்கும் இது பொருந்தாமல் போகலாம். அதனால் காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரேக் வாங்கப்போகிற எல்லாரும் கேட்பது "எது நல்லா பிடிக்கும்?" என்றுதான். புதிதாகப் பூட்டிய அன்றைக்கு எல்லாமே நன்றாகத்தான் பிடிக்கும். படகு ட்ரெய்லர் என்பது லாரி மாதிரி தினம் ஓடுகிற வண்டி இல்லை. வருஷத்துக்கு நாலைந்து தடவை ஓடும். ஒவ்வொரு தடவையும் சூடான சக்கரத்தோடு போய்த் தண்ணீரில் முங்கும். அப்புறம் அந்த ஈரத்தோடேயே மாதக்கணக்கில் ஒரு மூலையில் நிற்கும். இந்த பிரேக் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்: உப்புத்தண்ணீர் பட்டு ஆறு மாதம் சும்மா நின்ற பிறகு, முதல் சிக்னலில் எது பிடிக்கும்?

நான் முதன்முதலில் வாங்கிய பழைய ட்ரெய்லரில் ஹைட்ராலிக் டிரம் பிரேக் இருந்தது. விற்றவர் "பிரேக் எல்லாம் பக்கா" என்றார். இழுத்து வந்தபோது பிரேக் பிடிப்பதாகவும் தெரியவில்லை, உரசுவதாகவும் தெரியவில்லை. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். டிரம் அசையவில்லை. சுற்றிச் சுற்றித் தட்டினேன், துருநீக்கும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விட்டேன், மறுநாள் மரச்சுத்தியலால் அடித்துத்தான் வந்தது. வந்ததும் உள்ளேயிருந்து இரண்டு கை துருப்பொடி கொட்டியது. டிரம்மில் உரசும் லைனிங், அதைத் தாங்கும் ஷூவை விட்டு முழுசாக உரிந்து, காய்ந்த வாழைப்பட்டை மாதிரி டிரம்முக்குள் தனியாகக் கிடந்தது. ஷூ இரும்புக்கும் லைனிங்குக்கும் நடுவில் துரு பொரிந்து பசையைத் தூக்கிவிட்டிருந்தது. வீல் சிலிண்டரின் இரண்டு பிஸ்டனும் இறுகிப்போயிருந்தன. லைனிங்கின் கனத்தை அளந்து பார்த்தால் ஏறக்குறைய புதுசு. தேய்ந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

சரி, எடைக்கு வருவோம். பிரேக் தேவையா இல்லையா என்பதையே எடைதான் முடிவு செய்கிறது, அதைத்தான் எல்லாரும் குறைத்துச் சொல்கிறார்கள். கையேட்டில் போட்டிருப்பது வெறும் படகின் எடை. பாய்மரக் கம்பம், பூம் (பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் குறுக்குக் கம்பு), பாய்கள், நங்கூரம், சங்கிலி, கயிறுகள், பேட்டரி, சமையல் அடுப்பு, தண்ணீர் கேன், யாரோ மறந்துவிட்டுப்போன கருவிப்பெட்டி எல்லாம் அதில் சேராது. 6 குதிரைத்திறன் கொண்ட நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் மட்டுமே 25 கிலோ பக்கம். ட்ரெய்லர் தனியாக 250 முதல் 400 கிலோ வரை இருக்கும். கையேட்டில் 1,000 கிலோ என்று இருக்கும் படகு, ரோட்டில் 1,400 அல்லது 1,500 கிலோவாக நிற்பது சாதாரணம். ஒரு தடவை லாரி எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள், ஊகத்துக்கே வேலை இல்லை. தண்ணீரையே பாரமாக நிரப்பும் படகுகள் உண்டு, மெக்ரெகர் 26 அந்த வகை. அதன் தொட்டியில் அரை டன்னுக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். தொட்டியைக் காலி செய்யாமல் ரோட்டுக்கு இழுத்தால் எந்த பிரேக்கும் காப்பாற்றாது, ஆக்ஸிலே தாங்காது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம். பிரிட்டனில் 750 கிலோவுக்குக் கீழே இருந்தாலும், பிரேக் இல்லாத ட்ரெய்லர் காரின் எடையில் பாதியைத் தாண்டக்கூடாது. ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோதான் எல்லை. அங்கே 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும், ட்ரெய்லர் கழன்றால் தானே பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒன்று. பல மாநிலங்களில் 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோ. சில மாநிலங்களில் அதில் பாதியிலேயே ஆரம்பித்துவிடும். இவற்றில் "எடை" என்பது பெரும்பாலும் அன்றைக்கு ஏற்றியிருக்கும் எடையைச் சொல்வதில்லை. ட்ரெய்லர் தகட்டில் பொறித்திருக்கும் அனுமதி எடையைத்தான் சொல்கிறது. இதைக் கவனிக்காமல் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

சட்டம் விட்டுக்கொடுத்தாலும் கணக்கு விடாது. 1,500 கிலோ எடை மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 370 கிலோஜூல். 100 கிலோமீட்டரில் போனால் 580. வேகம் கால்வாசிதான் கூடியது, வேலை பாதிக்கு மேல் கூடிவிட்டது. மலை இறக்கம் இன்னும் மோசம். அதே எடை செங்குத்தாக 100 மீட்டர் உயரம் இறங்கினால் கிட்டத்தட்ட 1,470 கிலோஜூல், அதாவது 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நாலு தடவை முழுசாக நிறுத்தியதற்குச் சமம். ட்ரெய்லரில் பிரேக் இல்லையென்றால் இந்தச் சூடு முழுக்கக் காரின் நாலு சக்கரத்துக்குத்தான் போகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. லேசர் மாதிரி ஒற்றை ஆள் படகின் உடல் 59 கிலோதான். ட்ரெய்லரோடு சேர்த்தாலும் 200 கிலோவை எட்டாது. அதற்கு பிரேக் போடுவது வீண்வேலை. பராமரிக்க இன்னொரு சாமான் சேர்ந்ததுதான் மிச்சம். அந்தப் பணத்தில் நல்ல டயரும் பேரிங்கும் போடுங்கள்.

இப்போது சர்ஜ் பிரேக். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதை ஓவர்ரன் என்பார்கள். ட்ரெய்லரின் மூக்கில் இருக்கும் கப்ளர் இரண்டு துண்டாக, ஒன்றுக்குள் ஒன்று சறுக்குவது போல இருக்கும். கார் பிரேக் பிடிக்கும். அது ட்ரெய்லருக்குத் தெரியாது, அது பாட்டுக்கு முன்னே தள்ளும். அந்தத் தள்ளலில் கப்ளர் சுருங்கி, உள்ளேயிருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை அழுத்தும். பிரேக் ஆயில் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். நீங்கள் மெதுவாகப் பிடித்தால் அது மெதுவாகத் தள்ளும், அதுவும் மெதுவாகப் பிடிக்கும். நீங்கள் ஓங்கி மிதித்தால் அதுவும் ஓங்கிப் பிடிக்கும். ட்ரெய்லரின் எடையே ட்ரெய்லரை நிறுத்துகிறது. எனக்கு இதில் பிடித்ததே இந்த எளிமைதான். காரில் கன்ட்ரோலர் வேண்டாம், தனி ஒயர் வேண்டாம். ஹிட்ச் பந்து சரியான அளவில் இருந்தால் நண்பரின் காரிலும் மாட்டி இழுக்கலாம். மாஸ்டர் சிலிண்டர் முன்னால், உயரத்தில் இருப்பதால் பெரும்பாலும் நனைவதில்லை. தண்ணீருக்குள் போவது சக்கரத்தடியில் இருக்கும் பாகங்கள் மட்டும்தான்.

குறை இல்லாமல் இல்லை. பெரியது ரிவர்ஸ். கார் பிரேக் பிடிப்பதும், கார் ட்ரெய்லரைப் பின்னுக்குத் தள்ளுவதும் கப்ளருக்கு ஒன்றுதான், இரண்டிலும் அது சுருங்குகிறது. ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தால் ட்ரெய்லர் பிரேக் பிடித்துக்கொண்டு நகராது. எல்லாரும் பயப்படுவது படகை இறக்கும் சாய்தளத்தை நினைத்து. அங்கே பிரச்சினை இல்லை. கீழ்நோக்கி ரிவர்ஸ் போகும்போது ட்ரெய்லர் காரை இழுக்கிறது, கப்ளர் விரிகிறது, பிரேக் பிடிக்காது. ஆனால் அதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது: சாய்தளத்தில் பின்னோக்கி இறங்கும்போது சர்ஜ் பிரேக் கொஞ்சமும் உதவாது. படகு, ட்ரெய்லர், கார் மூன்றையும் காரின் பிரேக் மட்டும்தான் தாங்கும். பாசி பிடித்த சாய்தளத்தில் இதை நினைவில் வையுங்கள். உண்மையான தொல்லை வீட்டில்தான், மேடாக இருக்கும் வாசலுக்குள் படகைப் பின்னோக்கி ஏற்றும்போது.

இதற்கு மூன்று வழி. டிரம் பிரேக்கில் ஃப்ரீ-பேக்கிங் என்று ஒரு வகை உண்டு. சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால் ஷூ பிடியை விட்டுவிடும். டிஸ்க்குக்கு அந்த வசதி கிடையாது, முன்னால் சுற்றினாலும் பின்னால் சுற்றினாலும் அதற்கு ஒன்றுதான். அதனால் டிஸ்க் என்றால் ஒரு சோலினாய்டு வால்வு கட்டாயம். காரின் ரிவர்ஸ் விளக்கு ஒயரிலிருந்து அதற்கு மின்சாரம் போகும், ரிவர்ஸ் கியர் போட்டதும் வால்வு ஆயில் பாதையை அடைத்துவிடும். சாதாரண நாலு முள் விளக்கு இணைப்பில் இந்த ஒயர் இருக்காது, ஐந்து முள் இணைப்பு வேண்டும். காரில் நாலு முள்தான் இருக்கிறது என்பதை டிஸ்க் பூட்டி முடித்த பிறகு கண்டுபிடிப்பவர்கள் பாவம். மூன்றாவது வழி பழைய காலத்து முறை: கப்ளர் சறுக்காமல் ஒரு ஆப்பைச் செருகிவிட்டு ரிவர்ஸ் எடுப்பது. அந்த ஆப்பை எடுக்க மறந்து ரோட்டுக்குப் போனால் பிரேக்கே இல்லை. இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடுத்தது மலை இறக்கம். நீங்கள் ஒழுங்காகக் கியரைக் குறைத்து எஞ்சின் பிரேக்கில் இறங்கினாலும் ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டேதான் இருக்கும். அதாவது சர்ஜ் பிரேக் இறக்கம் முழுக்க லேசாக உரசிக்கொண்டே வரும். டிரம் அந்தச் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் பிடி குறையும். டிஸ்க் காற்றில் ஆறிவிடும். உங்கள் வழியில் நீளமான இறக்கம் இருக்கிறது என்றதும் டிஸ்க் என்று நான் முடிவெடுத்ததற்கு இது ஒரு காரணம். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிட்டுப் போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

எலெக்ட்ரிக் பிரேக்கை ஏன் வேண்டாம் என்கிறேன்? ரோட்டில் அது அருமையான பிரேக். டிரம்முக்குள் ஒரு மின்காந்தம், காரிலிருந்து 12 வோல்ட் வந்ததும் சுற்றும் டிரம்மின் முகத்தில் ஒட்டிக்கொண்டு உரசும், அந்த உரசல் ஒரு நெம்புகோலைத் தள்ளி ஷூவை விரிக்கும். காருக்குள் இருக்கும் கன்ட்ரோலரில் பிடியைக் கூட்டலாம், குறைக்கலாம். சர்ஜில் முடியாத ஒன்றும் இதில் முடியும்: ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பித்தால், கார் பிரேக்கைத் தொடாமல் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தி ஆட்டத்தை அடக்கலாம். ரிவர்ஸ் தொல்லையும் கிடையாது. ஆனால் காந்தச்சுருள், மெல்லிய ஒயர், இணைப்புகள் எல்லாம் சக்கரத்துக்குள் இருக்கின்றன. அதை உப்புத்தண்ணீரில் முக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கூடவே ஒரு வேடிக்கை: சாய்தளத்தில் உங்கள் கால் பிரேக்கிலேயேதான் இருக்கும். அதாவது தண்ணீருக்குள் இருக்கும் காந்தத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், இணைப்பைப் பிடுங்கியிருந்தால் ஒழிய. சக்கரம் நனையாமல் கிரேன் வைத்துப் படகை இறக்குகிறவர்களுக்கு எலெக்ட்ரிக் பிரேக் நன்றாகவே ஒத்துவரும். எப்போதாவது நன்னீரில் நனைத்து, நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை முழுத் தொகுதியையும் மாற்றத் தயாராக இருப்பவர்களும் சமாளிக்கலாம். கடலுக்கு வேண்டாம்.

இரண்டையும் கலந்த வகையும் உண்டு. காரின் கன்ட்ரோலர் சொல்லும், ட்ரெய்லரில் இருக்கும் ஒரு மின் பம்ப் ஆயிலை அழுத்தும். டிரம்முக்கு 1,000 பிஎஸ்ஐ அழுத்தம், டிஸ்க்குக்கு 1,600 பிஎஸ்ஐ என்று தனித்தனியாக வருகின்றன. நனையும் இடத்தில் மின்சாரம் இல்லை, கட்டுப்பாடு முழுக்க ஓட்டுநர் கையில். சந்தேகமில்லாமல் இருப்பதிலேயே நல்ல ஏற்பாடு. ஆனால் பம்ப், கனமான ஒயர், பெரிய பேட்டரி எல்லாம் சேர்ந்து 1,500 கிலோ படகுக்கு இது யானை விலை. இரண்டு ஆக்ஸில் வைத்த பெரிய படகை அடிக்கடி மலையில் இழுப்பவர் யோசிக்கலாம்.

ஐரோப்பியத் தயாரிப்பு ட்ரெய்லர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அல்-கோ, நாட் மாதிரியான ஆக்ஸில் என்றால் உங்களுடையது ஆயில் இல்லாத ஓவர்ரன்: கப்ளர் ஒரு கம்பியை இழுக்கும், கம்பி கேபிளை இழுக்கும், கேபிள் டிரம்முக்குள் ஷூவை விரிக்கும். ரிவர்ஸில் தானாக விட்டுவிடும் ஏற்பாடும் அதில் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு வேறு மாட்டப் போகாதீர்கள். அங்கே கப்ளரும் ஆக்ஸில் பிரேக்கும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்து அங்கீகரிக்கப்பட்டவை. கேபிள் உள்ளுக்குள் துருப்பிடித்து இறுகும், அதை மட்டும் அவ்வப்போது மாற்றுங்கள். டிரம்முக்குள் குழாய்த் தண்ணீர் விட்டு அலசும் இணைப்பு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிரம்மா, டிஸ்க்கா என்பதில் தண்ணீர்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். டிரம் ஒரு மூடிய சட்டி. தண்ணீர் உள்ளே போகும், சுலபத்தில் வெளியே வராது, காற்றும் படாது. வெளியில் நின்று பைப் அடித்தால் உள்ளே இருக்கும் உப்பு போகாது. டிஸ்க் எல்லாம் வெளியில் தெரியும்படி இருக்கிறது. தண்ணீர் அடித்தால் கழுவப்படும், காற்றில் காயும், உரசும் பேட் எவ்வளவு மிச்சம் என்று குனிந்து பார்த்தாலே தெரியும். டிஸ்க்கின் முகத்திலும் துரு படியும்தான், ஆனால் நாலு தடவை பிரேக் பிடித்தால் உரசிப் போய்விடும். நன்னீர் ஏரி மட்டும், சமதளம், குறைந்த செலவு என்றால் ஃப்ரீ-பேக்கிங் ஹைட்ராலிக் டிரம் போதும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

டிஸ்க் வாங்கும்போது எந்த உலோகம் என்று பாருங்கள். வெறும் வார்ப்பிரும்பு, துத்தநாகப் பூச்சு, இன்னும் தடித்த பாதுகாப்புப் பூச்சுகள், முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு என்று படிப்படியாக விலை ஏறும். ஒரே இடத்தில்தான் கூடுதலாகச் செலவு செய்ய முடியும் என்றால் டிஸ்க்கில் செய்யாதீர்கள். டிஸ்க் துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், மாற்றுவதும் சுலபம். ஆளை ஏமாற்றுவது, பேட்டை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் காலிப்பர்தான். அதன் பிஸ்டன் இறுகும், இல்லையென்றால் அது சறுக்கும் பின்கள் இறுகும், அப்போது ஒரு பக்க பேட் மட்டும் உரசித் தீரும். அடுத்தது பேட்டின் முதுகுத் தகடு. சாதாரண இரும்புத் தகடாக இருந்தால் என் பழைய ஷூவுக்கு ஆன கதைதான் அதற்கும் ஆகும், உரசும் பொருள் தகட்டை விட்டுக் கழன்று விழும். பூச்சு போட்ட அல்லது துருப்பிடிக்காத காலிப்பர், எவர்சில்வர் முதுகுத் தகடு வைத்த பேட், பூச்சு போட்ட டிஸ்க். என் கணக்கில் இதுதான் காசுக்கேற்ற சேர்க்கை.

டிரம் வைத்திருந்த ட்ரெய்லரில் டிஸ்க்குக்கு மாறுகிறவர்கள் கப்ளரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இது பெரிய தப்பு. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில், பிரேக்கை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் சின்ன வால்வு ஒன்று இருக்கும். டிரம்மில் அது வேண்டும், ஷூவைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க்கில் ஸ்பிரிங் இல்லை. அந்த மிச்ச அழுத்தத்தில் பேட் எப்போதும் டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். 50 கிலோமீட்டர் போவதற்குள் சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் ஹப் கொதிக்கும், கிரீஸ் உருகி ஓடும். டிஸ்க்குக்கு அதிக அழுத்தமும் வேண்டும். எனவே டிஸ்க்குக்கென்றே செய்த கப்ளரை வாங்குங்கள்.

வாங்கும் முன் ட்ரெய்லருக்கு அடியில் ஒரு தடவை படுத்துப் பாருங்கள். ஆக்ஸில் முனையில், ஹப்புக்கு உள்பக்கம், நாலு ஓட்டை போட்ட சதுரத் தகடு பற்றவைத்திருக்கிறதா? 3,500 பவுண்டு ஆக்ஸிலில், அதாவது சுமார் 1,590 கிலோ தாங்குவதில், டிரம்மின் பின்தகடோ டிஸ்க்கின் காலிப்பர் தாங்கியோ மாட்டப்படுவது அதில்தான். பிரேக் இல்லாமல் வந்த ட்ரெய்லர்களில் அது பல சமயம் இருக்காது. பழைய ஆக்ஸிலில் தகட்டைப் பற்றவைப்பதைவிட, தகட்டோடு வரும் புது ஆக்ஸிலே வாங்குவது மேல். கோணம் ஒரு மயிரிழை தப்பினாலும் காலிப்பர் கோணலாகத்தான் உட்காரும். அடுத்து சக்கர அளவு. 10 அங்குல டிஸ்க்கும் காலிப்பரும் 12 அங்குல ரிம்முக்குள் அடங்காது. 13 அல்லது 14 அங்குலம் வேண்டும், அதிலும் காலிப்பர் இடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். ரிம் மாறினால் டயர் மாறும், டயர் மாறினால் மட்கார்டு உரசும். ஒன்றைத் தொட்டால் மூன்று என்பது ட்ரெய்லர் வேலையின் இயல்பு.

பிரேக் ஆயில் குழாயைப் பற்றி யாரும் கேட்பதில்லை, முதலில் ஓட்டை விழுவது அதுதான். சாதாரண இரும்புக் குழாய் ட்ரெய்லர் சட்டத்துக்குள் ஓடும், அங்கே உப்புத்தண்ணீர் தேங்கும், வெளியில் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரித்திருக்கும். செம்பு-நிக்கல் கலப்புக் குழாய் போடுங்கள். கையாலேயே வளைக்கலாம், துருவும் பிடிக்காது. பிரேக் ஆயில் டாட் 3 போதும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாமான், அதனால் ஓட்டியிருந்தாலும் ஓட்டாவிட்டாலும் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள்.

பாய்மரப் படகுக்கு என்றே சில சங்கடங்கள் இருக்கின்றன, மோட்டார் படகுக்காரர்கள் சொல்லும் யோசனை இங்கே பாதிதான் பொருந்தும். கீல் இருப்பதால் நம் படகு ட்ரெய்லரில் உயரமாக உட்கார்ந்திருக்கும். மிதக்கவைக்க ட்ரெய்லரை வெகு ஆழத்துக்கு இறக்க வேண்டும். ஹப் மட்டுமா, சில சமயம் ட்ரெய்லரின் மூக்கே முங்கும். சிலர் மூக்கை நீட்டிக்கொள்ளும் குழாய் வைத்திருப்பார்கள். நீட்டும்போது கப்ளரும் சேர்ந்து முன்னே போகும் அமைப்பென்றால் ஆயில் ஹோஸுக்குப் போதிய நீளம் விட்டிருக்க வேண்டும். சிலர் காரிலிருந்து ட்ரெய்லரைக் கழற்றி, முன்சக்கரத்தில் நிறுத்தி, கனமான பட்டையைக் கட்டிக் கீழே விடுவார்கள். அப்போது கப்ளர் தண்ணீருக்குள் போகிறது, மாஸ்டர் சிலிண்டர் மூடி வழியாகத் தண்ணீர் உள்ளே போகலாம். மறுநாள் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் மோர் மாதிரி கலங்கியிருந்தால் முழுசாக மாற்ற வேண்டும்.

பட்டை கட்டி இறக்கும்போது நானே செய்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். ட்ரெய்லர் ஓடும்போது கழன்றுவிட்டால் பிரேக்கைத் தானே பிடிக்கவைக்கும் மெல்லிய கேபிள் ஒன்று கப்ளரிலிருந்து காருக்குப் போகும். ஹிட்ச்சைக் கழற்றினேன், சங்கிலியைக் கழற்றினேன், விளக்கு இணைப்பைப் பிடுங்கினேன், இந்தக் கேபிளை மட்டும் மறந்துவிட்டேன். ட்ரெய்லர் இரண்டடி இறங்கியதும் கேபிள் இழுபட்டு, 'டக்' என்று பிரேக் இறுகியது. கப்ளர் ஏற்கெனவே முழங்கால் தண்ணீரில். பின்னால் மூன்று பேர் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் கைவிட்டுத் தடவி, ஸ்க்ரூடிரைவரால் அந்தப் பூட்டை விடுவிக்க இருபது நிமிஷம் ஆனது. இதை ஹேண்ட்பிரேக் மாதிரி பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கானது இல்லை அது, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

ஹப் சூடு விஷயத்தில் மட்டும் பாய்மரக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். சூடான ஹப் தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதுதான் பேரிங் கெடுவதற்கு வழி. ட்ரெய்லர் பிரேக் பிடித்து வந்த ஹப் இன்னும் சூடாக இருக்கும். மோட்டார் படகுக்காரர் வந்ததும் இறக்கப் பார்ப்பார். நாம் கம்பத்தை நிமிர்த்தி, அதைப் பிடித்து நிறுத்தும் ஸ்டே கம்பிகளைக் கட்டி, பூம் மாட்டி முடிப்பதற்குள் எப்படியும் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் ஹப் ஆறிவிடும்.

டிரம் வைத்திருப்பவர்கள் ஷூ இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். புது ஷூ என்றால் முதல் 300 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை, அப்புறம் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. படகு ட்ரெய்லர் அவ்வளவு ஓடாது, ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்குக்கு இந்த வேலை இல்லை. எதுவாக இருந்தாலும் கடலிலிருந்து வந்த அன்றைக்கே, மறுநாள் இல்லை, அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நிற்கும் மாதங்களில் மாதத்துக்கு ஒரு தடவை ட்ரெய்லரைக் காரில் மாட்டி முன்னும் பின்னும் நகர்த்தி நாலு தடவை பிரேக் பிடியுங்கள். பிஸ்டனும் காலிப்பரின் பின்களும் அசைந்துகொண்டிருந்தால் இறுகாது.

பூட்டி முடித்ததும் படகோடு காலி ரோட்டில் ஒரு பத்து நிமிஷம் ஓட்டி, 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏழெட்டு தடவை நிறுத்திப் பாருங்கள். இறங்கி, இரண்டு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் சில்லென்று இருந்தால் அங்கே பிரேக் வேலை செய்யவில்லை, குழாயில் காற்று இருக்கும் அல்லது காலிப்பர் அசையாமல் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அது பிடித்தபிடி விடவில்லை. இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம்.